இரண்டாம் நாள் காலையில் யாரும் உங்களை விரட்டவில்லை

வாசகர் கேள்வி

என் கணவர் சீனர், ஹொக்கியன் குடும்பம். காதலித்துக் கல்யாணம் செய்து ஒன்பது வருடம் ஆகிறது. ஏழு வயதில் ஒரு மகள். மாமியார் கிள்ளானில் எங்களோடு இருக்கிறார். அப்பா இறந்த பிறகு, இந்த மூன்று வருடமாக என் அம்மா பந்திங்கில் தம்பி வீட்டில் இருக்கிறார்.

இந்த வருடம் அன்னையர் தினத்துக்கு இரண்டு அம்மாக்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஆசைப்பட்டேன். சீன உணவகம் ஒன்றில் பெரிய மேசை பதிவு செய்தோம். மாமியாருக்கு வெள்ளையும் மஞ்சளுமாகச் செவந்திப் பூங்கொத்தும், ஓர் உறையில் 101 வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) கொடுத்தேன். அவர் முகமே மாறிவிட்டது. பூங்கொத்து வீட்டுக்குள் வரவில்லை, கார் நிறுத்தும் இடத்திலேயே கிடந்து வாடியது. என் கணவர் என் அம்மாவுக்கு மல்லிகைச் சரம் வாங்கி வந்து எல்லார் முன்னாலும் நீட்டினார். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார், தலையில் வைக்கவில்லை. சைவம் என்பதால் சாப்பாட்டிலும் கை வைக்கவில்லை, வெறும் தேநீர் குடித்தார். கேட்டால் "எனக்கு ஒன்றும் வேண்டாம்மா" என்கிறார்.

மாமியாருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முன்பே தெரியும். ஒவ்வொரு சீனப் புத்தாண்டும் முதல் நாள் முழுக்க வேலை செய்வேன். இரண்டாம் நாள் விடிந்ததும் ஆரஞ்சையும் பிஸ்கட் டின்னையும் கையில் கொடுத்து, "உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பு" என்று விரட்டுவார். நான் கோபத்தில் மகளை அழைத்துக்கொண்டு எங்காவது பேரங்காடிக்குப் போய்விட்டு இரவுதான் திரும்புவேன்.

இன்னொன்றும் உண்டு. பள்ளியில் அன்னையர் தின வாழ்த்து அட்டை செய்யச் சொன்னார்களாம். மகள் இரண்டு செய்திருக்கிறாள். ஒன்று எனக்கு. மற்றது வீட்டு வேலைக்கு இருக்கும் இந்தோனேசியப் பெண்ணுக்கு, எங்கள் பீபிக்குக்கு. அதுதான் பெரிய அட்டை. நான் எதில் தோற்றேன்?

— கிள்ளான் வாசகி


ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 101 வெள்ளியைப் பேசி முடித்துவிடுவோம். கடிதத்தை முதல்முறை படித்தபோது அந்த வரியில் "ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

நமக்கு மொய் என்றால் 51, 101, 501. பூஜ்யத்தில் முடியக் கூடாது, ஒன்று கூடினால்தான் உறவு தொடரும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். உங்கள் மாமியார் வளர்ந்த கணக்கு நேர் எதிர். நல்லது ஜோடியாக வர வேண்டும், அதனால் அங்பாவில், அதாவது சிவப்பு உறையில் கொடுக்கும் அன்பளிப்புப் பணத்தில், எப்போதும் இரட்டைப்படைதான். துக்கம் ஜோடியாக வந்துவிடக் கூடாது, அதனால் சாவு வீட்டுக்குக் கொடுக்கும் பணம் ஒற்றைப்படை. ஹொக்கியனில் அதற்குப் பெயரே பெக் கிம், அதாவது வெள்ளைப் பணம். வெள்ளை உறையில் போட்டுக் கொடுப்பார்கள். உங்கள் உறை என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பணத்தோடு செவந்தியும் போயிருக்கிறது. நமக்குச் சாமிக்கும் செவந்தி, கல்யாண மாலைக்கும் செவந்தி. ஏப்ரல் மாதம் 4 அல்லது 5ஆம் தேதி வரும் செங் பெங் என்ற முன்னோர் வழிபாட்டு நாள் சமயத்தில் சீன மயானத்துப் பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், கல்லறைக்குக் கல்லறை வெள்ளையும் மஞ்சளுமாக இதே பூதான். அது முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். மருமகள் பாசத்தோடு சிரித்துக்கொண்டே கல்லறைப் பூவையும் சாவுப் பணத்தையும் கையில் கொடுக்கிறாள். முகம் மாறாமல் என்ன செய்யும்? ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டாரே, அதைக் கவனியுங்கள். வாசலோடு நிறுத்தியது பூவைத்தான்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு சீனத் தோழியின் தாயாருக்குப் பிறந்தநாள் பரிசாக அழகான சுவர்க் கடிகாரம் தூக்கிக்கொண்டு போனேன். கடிகாரம் கொடுப்பது என்ற சொல் அவர்கள் மொழியில் கடைசி வழியனுப்புவது போலவே ஒலிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தோழி வாசலிலேயே என் கையில் ஒரு வெள்ளியைத் திணித்து, "நான் இதை உன்னிடம் விலைக்கு வாங்கிவிட்டேன்" என்றாள். விலைக்கு வாங்கினால் தோஷம் போய்விடுமாம். அடுத்த முறை வேண்டுமானால் கார்னேஷன் பூ, சிவப்போ இளஞ்சிவப்போ. பணம் என்றால் சிவப்பு உறையில் 100 அல்லது 200. நான்கு மட்டும் எங்கும் வர வேண்டாம், அது சாவு என்ற சொல்லின் ஒலி.

ஆனால் இதைவிட எனக்கு உறுத்திய கேள்வி வேறு. உங்கள் கணவரின் அம்மாவுக்குப் பூ தேர்ந்தெடுக்கும் வேலை உங்கள் தலையில் எப்படி விழுந்தது? அவருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியும். கடைக்கு அவர் போயிருந்தால் செவந்தி வந்திருக்காது. மல்லிகையை நீங்கள் வாங்கியிருந்தால், அதை அம்மாவிடம் எப்படிக் கொடுப்பது, கொடுப்பதா வேண்டாமா என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த இனமானாலும் சரி, என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கதைதான். மகன் தன் தாய்க்குச் செய்ய வேண்டிய மரியாதையை மனைவி மூலமாகச் செய்கிறான். நன்றாக நடந்தால் "என் மகன் செய்தான்", கெட்டுப்போனால் "அவள் செய்தாள்". கலப்புக் குடும்பத்தில் இது இரட்டிப்பு ஆபத்து.

அன்னையர் தினத்தை ஆரம்பித்த அமெரிக்கப் பெண் ஆன்னா ஜார்விஸ் இதில் பிடிவாதமாக இருந்தார். தன் தாயின் நினைவாக 1908 மே 10 அன்று மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர்த் தேவாலயத்தில் அவர் ஏற்பாடு செய்த வழிபாடுதான் தொடக்கம். 1914இல் மே மாத இரண்டாம் ஞாயிறு என்று அமெரிக்காவில் அதிகாரபூர்வமானது. பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது "ஓர் அன்னையின் நாள்" என்று ஒருமையில்தான் எழுத வேண்டும் என்றார் அவர். ஒவ்வொருவரும் தன் ஒரே தாயை நினைக்கும் நாள், உலகத் தாய்மார்களுக்கெல்லாம் பொதுவிழா இல்லை என்பது அவர் எண்ணம். அச்சடித்த வாழ்த்து அட்டை வாங்குவதையே சோம்பேறித்தனம் என்று திட்டியவர். நாமோ தமிழில் அன்னையர் தினம் என்று பன்மை ஆக்கிவிட்டோம். அதற்கேற்ற மாதிரி பெரிய மேசையும் போடுகிறோம்.

அதனால் அடுத்த மே மாதம் அந்த மேசை வேண்டாம். ஞாயிறு காலை உங்கள் கணவர் தன் அம்மாவை மட்டும் பசியாற அழைத்துப் போகட்டும். கிள்ளான் ஹொக்கியன்காரர், காலையில் பக் குட் தே (மூலிகை சேர்த்த பன்றிக்கறி சூப்) கடைக்கு மகனோடு தனியாகப் போவதைவிட அந்த அம்மாவுக்கு வேறென்ன கொண்டாட்டம்? நீங்கள் பந்திங்கில் உங்கள் அம்மாவோடு இருங்கள். மகள் யாரோடு போவது என்று அவளே சொல்லட்டும்.

இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு வேறு நாள் இருக்கிறது. உங்கள் மாமியார் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிறவரா என்று பாருங்கள். அந்தத் தலைமுறையில் பலர் அப்படி. அவருக்கு முதல் நாளும் பதினைந்தாம் நாளும் என்றால் உங்கள் அம்மாவுக்கு அமாவாசையும் பௌர்ணமியும். ஒரு நாள் முன்பின் இருந்தாலும் நிலா ஒன்றுதான். சீன சைவக் கடைகளில் பல இடங்களில் பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். உங்கள் அம்மா அங்கே தட்டைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை. கறியைப் போலவே செய்து வைத்திருக்கும் சோயாவை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பயந்துவிடுவார்.

மல்லிகைச் சரத்துக்கு வருகிறேன். கணவனை இழந்தவள் பூ வைக்கக் கூடாது என்ற வழக்கத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் என் உடன்பாடு இங்கே முக்கியமே இல்லை. அதை விடுவதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் அம்மாவின் முடிவு. உணவகத்தில் பத்துப் பேர் பார்க்க அவர் அந்த முடிவை எடுக்கும்படி ஆகிவிட்டது. உங்கள் கணவருக்கு அது தெரியாது. தமிழ் அம்மா என்றால் மல்லிகை என்று அவர் கற்று வைத்திருந்தார், பாவம். உங்கள் அம்மாவும் மறுக்கவில்லை, தள்ளி வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் அதை என்ன செய்தார் என்று தம்பி மனைவியிடம் விசாரியுங்கள். அப்பாவின் படத்தில் தொங்கினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, இப்போது இரண்டாம் நாள். கடிதத்தில் அந்த நான்கு வரிகளை நான் மூன்று முறை படித்தேன். ஒன்பது வருடமாக ஒரு தவறான மொழிபெயர்ப்பில் நீங்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறீர்கள்.

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், மணமான மகள் பிறந்த வீட்டுக்குப் போகும் நாள். பழைய வழக்கத்தில் முந்தின இரவுக் குடும்ப விருந்தும் முதல் நாளும் கணவன் வீட்டுக்கு. இரண்டாம் நாள் அவள் அம்மாவுக்கு. வெறும் கையோடு போகக் கூடாது. ஆரஞ்சு ஜோடியாக எடுத்துப் போக வேண்டும், மருமகனும் கூடப் போக வேண்டும், குழந்தைகளும் போக வேண்டும். மாமியார் மருமகளை அன்று வீட்டில் நிறுத்திவைத்தால் ஊர் அந்த மாமியாரைத்தான் பேசும். உங்கள் மாமியார் விடியற்காலையில் எழுந்து ஆரஞ்சு பார்த்து எடுத்து, பிஸ்கட் டின் வைத்து உங்கள் கையில் கொடுத்தது உங்கள் அம்மாவுக்கான சீர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் சம்பந்தி வீட்டு வரிசை. அதைத்தான் ஒன்பது வருடமாக நீங்கள் பேரங்காடி கார் நிறுத்துமிடத்தில் வைத்துத் தின்று தீர்த்திருக்கிறீர்கள்.

அவரும் இதை விளக்கவில்லை, உங்கள் கணவரும் விளக்கவில்லை. அவர்களுக்கு இது விளக்க வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பதை நாம் யாருக்காவது விளக்குகிறோமா? அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், வருடா வருடம் சம்பந்திக்கு வரிசை அனுப்பியும் பந்திங்கிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. உங்கள் அம்மா பக்கத்திலிருந்து பார்த்தால், சீன வீட்டில் கொடுத்த மகள் சீனர்களின் பெருநாளில் ஒரு தடவையும் வந்து தலை காட்டவில்லை. இரண்டு பேருமே கௌரவக் குறைவு என்று நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மாமியாரிடம் ஒரு வருத்தம் தெரிவிக்க வேண்டியிருக்கிறது, பூவுக்கும் பணத்துக்கும். இந்த ஒரு விஷயத்தில் நாம் மலாய்க்காரர்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்று எப்போதும் நினைப்பேன். என் பக்கத்து வீட்டில் ஹரி ராயா, அதாவது நோன்புப் பெருநாள், காலையில் ஐம்பது வயது மகன் தாயின் கையை முத்தமிட்டு, "மாஆஃப் ஸாஹிர் டான் பாத்தின்" என்கிறார். வெளியே தெரிந்து செய்த பிழைக்கும் உள்ளத்தில் நினைத்த பிழைக்கும் சேர்த்து மன்னிப்பு. தாயும் திருப்பிச் சொல்கிறார், மகனிடம்! நாம் காலில் விழுந்து ஆசி வாங்குவோமே தவிர மன்னிப்பு என்று வாய் விட்டுச் சொல்ல நமக்கு ஒரு நாள் கிடையாது. சீனர்களிடம் அதற்குத் தேநீர் இருக்கிறது. உங்கள் கல்யாணத்தன்று நீங்கள் இருவரும் மண்டியிட்டு அவருக்குத் தே கொடுத்திருப்பீர்கள். மரியாதைக்கும் அதே தே, தவறுக்கு வருந்துவதற்கும் அதே தே. ஒரு மாலை, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டுங்கள். எங்கள் வழக்கத்தில் அந்தப் பூ சாமிக்கு உரியது, அந்த ஒரு வெள்ளி உறவு வளர வைப்பது என்று உங்களுக்குத் தெரிந்த மலாயிலேயே சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். அவர் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டால் போதும், அதற்கு மேல் பதிலை எதிர்பார்த்து நிற்காதீர்கள். குடித்துவிட்டு "சாப்பிட்டாயா" என்று கேட்டாலும் கேட்பார். அதைப் பேச்சை மாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாழ்த்து அட்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீங்கள் எதிலும் தோற்கவில்லை. ஏழு வயதுக் குழந்தை தன் தலையைப் பின்னிவிடுகிற கையை எண்ணிப் பார்க்கிறாள், உங்கள் வீட்டில் அது பல கைகள். அப்பாவின் அம்மாவை ஹொக்கியன் முறைப்படி "ஆ மா" என்றுதானே கூப்பிடுகிறாள்? உங்களை "அம்மா" என்கிறாள். ஒரு குறில் நெடில் வித்தியாசத்தில் இரண்டு பேரைப் பிரித்துக் கூப்பிடத் தெரிந்தவளுக்கு யார் யார் என்பதில் குழப்பம் ஒன்றும் இருக்காது. அட்டை பெரிதாக இருப்பதற்குப் பள்ளியில் கடைசியாக மிஞ்சிய காகிதம் பெரிதாக இருந்தது என்பதும் காரணமாக இருக்கலாம். கேட்டீர்களா?

அந்தப் பெண்ணுக்கு ஊரில் பிள்ளைகள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இந்தோனேசியாவில் தாய்மார் தினம் மே மாதத்தில் வருவதில்லை, டிசம்பர் 22. 1928இல் யோக்யகர்த்தாவில் முதல் பெண்கள் மாநாடு கூடிய நாளை அப்படிக் கொண்டாடுகிறார்கள். அன்று அவருக்கு விடுமுறை கொடுங்கள், காணொளியில் பிள்ளைகளோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். அன்றைய சமையல் உங்களுடையது. உங்கள் மகள் அவருக்கு இரண்டாவது அட்டை செய்ய ஆசைப்பட்டால் பெரிய காகிதமாகவே வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் அம்மாவின் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" பாக்கி இருக்கிறது. கணவர் போன பிறகு மகன் வீட்டில் இருக்கிற அம்மாக்களிடம் நான் அடிக்கடி கேட்கிற வார்த்தை அது. தம்பி மனைவி நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் அடுப்படி இப்போது வேறொருவருடையது. முப்பது நாற்பது வருடம் வருகிறவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டவருக்கு இன்று வருகிறவர் யாரும் இல்லை. அவரை உணவகத்துக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து, யாரோ சமைத்ததைச் சாப்பிடச் சொன்னால் "வேண்டாம்" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது, தான் சமைத்ததை யாராவது இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்பது.

அடுத்த சீனப் புத்தாண்டு 2027 பிப்ரவரி 6, சனிக்கிழமை. இரண்டாம் நாள் ஞாயிறு. மாமியார் கொடுக்கும் ஆரஞ்சைப் பிரிக்காமல், கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு பந்திங்குக்குப் போங்கள். ஆரஞ்சை உங்கள் கணவர் கையால் கொடுக்கட்டும், இரண்டு கையாலும். உங்கள் அம்மாவிடம் "சம்பந்தியம்மா கொடுத்துவிட்டார்கள்" என்று நீங்கள் சொல்லுங்கள். கிளம்பும்போது அம்மா பதிலுக்கு ஏதாவது தட்டில் வைத்துக் கொடுப்பார். முறுக்காக இருந்தால் மூடி திறக்காமல் கிள்ளானுக்குக் கொண்டுவந்து சேருங்கள். ஆனால் அம்மாவிடம் ஜனவரியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். ஒன்பது வருடம் கழித்து மருமகன் விருந்துக்கு வருகிறார் என்றால் தம்பி மனைவியிடமிருந்து அடுப்படியை வாங்க அவருக்கு அவகாசம் வேண்டாமா?